கையெழுத்து இல்லாத நாற்பத்திரண்டு

அந்த இஸ்திரிப் பெட்டித் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் முத்திரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கணவர் கரண்டு அண்ணன். ஒவ்வொரு பெட்டிக்கும் மின்சாரம் கொடுத்து, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. தேறியதை அவள் மேசைக்குத் தள்ளுவார். அவள் பாதுகாப்பு முத்திரையை ஒட்டுவாள். "என்னை மட்டுந்தான் சோதிக்காம கட்டிக்கிட்டாரு" என்று அவள் சொன்னால் வரிசை முழுக்கச் சிரிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடைசிப் பெட்டியையும் பார்த்து முடித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பதினேழு நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். அவர் கடைசியாகப் பார்த்த நாற்பத்திரண்டு பெட்டிகளும் அவள் மேசையில் அடுக்கியிருந்தன. மேற்பார்வையாளர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"நாலு மணிக்கு வண்டி வந்துடும்மா. இதையெல்லாம் ஒட்டிடுங்க."

"கையெழுத்து இல்லையே சார்?"

"அண்ணன் பாத்துட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும். நானே போட்டுக்கறேன்."

அவளுக்கும் தெரியும். ஆனால் சோதித்தவர் கையெழுத்து விழுந்த பிறகு, இந்த மேசையில் வைத்துத்தான் முத்திரை ஒட்ட வேண்டும். முன்பொரு நாள் மகளுக்குக் காய்ச்சல் என்று சீக்கிரம் கிளம்புவதற்காக, சோதனைக்கு முன்பே நாலு பெட்டிகளில் ஒட்டிவிட்டாள். கணவர் நாலையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "யாரு பெத்த பிள்ளையோ இதை நம்பித்தானே கையை வைக்கும்" என்றார். அவ்வளவுதான்.

"வேண்டாம் சார். திரும்பவும் சோதிக்கச் சொல்லுங்க."

"சொல்லலாம்மா. ஆனா புதுசா சோதிக்கறவங்க பேருதான் ஏட்டுல ஏறும். அண்ணன் பாத்தது எங்கயுமே இருக்காது."

இதை அவள் யோசித்திருக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல சார்" என்றாள்.

பக்கத்துப் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்து, கணவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து சோதித்தார். நாற்பத்திரண்டும் தேறின. கையெழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

பெட்டியின் பின்பக்கம், முத்திரை ஒட்டுகிற இடத்தில், தேறியதற்கு அடையாளமாகக் கணவர் போட்டிருந்த சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. அதைத் துடைத்தால்தான் முத்திரை ஒட்டும். எத்தனையோ வருஷமாக யோசிக்காமல் துடைத்த கோடு. இன்று முதல் பெட்டிக்கே அவள் கை எழவில்லை. பிறகு துடைத்தாள், ஒட்டினாள், அடுத்ததை எடுத்தாள். முப்பது தாண்டியபோது ஒரு கோடு கோணலாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. அடுத்ததும் அப்படியே. அப்போதே வலித்திருக்கிறது. பத்தடி தள்ளி அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை, மனுஷன்.

அங்கேதான் அவள் உடைந்து அழுதாள். யாரும் தடுக்கவில்லை. வண்டியும் அரை மணி நேரம் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். "முதல் நாளே வேலை ஜாஸ்தியாம்மா?"

"இல்லடி. அப்பா முடிச்சு வெச்சிருந்ததுதான்."