ஏழாம் எண் ரெகுலேட்டர்

கப்பல் பழுது பார்க்கும் பட்டறையின் மேலாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலிலிருந்து, எல்லோரும் இழுக்கும் காற்றை இழுக்க முடியாதவராகிப் போனார். காற்றில் ஒரு குறையும் இல்லை. அங்கேயே இருந்த ஐந்து பேர் வழக்கம்போல மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவருக்கு மட்டும் அது உள்ளே போகவில்லை.

அந்தப் பட்டறையின் கோடியில், ஒற்றை ஜன்னல் அறையில், முக்குளிப்பவர்களின் சாமான்களைக் கழற்றிப் பூட்டும் வேலையைப் பதினொரு வருடமாகச் செய்துவந்தவளை எல்லோரும் ஸ்பேனர் அக்கா என்பார்கள். சிலிண்டரில் அடைத்த காற்று முரட்டுக் காற்று. அதை அடக்கி, இழுக்கிற நேரத்தில், இழுக்கிற அளவுக்கு மட்டும் வாய்க்குக் கொடுப்பது ரெகுலேட்டர். கடலிலிருந்து வந்ததும் அதை நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அப்போது முன்பக்கப் பொத்தானை அமுக்கவே கூடாது, அமுக்கினால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். வருடம் ஒருமுறை முழுதாகப் பிரித்து ரப்பர்களை மாற்ற வேண்டும். இதையெல்லாம் பல் தேய்ப்பதுபோலத் தவறாமல் செய்தவள் அவள். புதிதாக வந்த மேலாளரோ, நன்றாக உழைத்துக்கொண்டிருந்த பழையவற்றை ஏறக்கட்டிவிட்டு, நீல நிறத்தில் பளபளவென்று பத்து வாங்கி வந்து மேசையில் அடுக்கினார்.

“சார், இதுக்கு உள்ள போடுற ரப்பர் எங்கயுமே கிடைக்கல. விசாரிச்சுட்டு வாங்கியிருக்கலாமே” என்றாள்.

“புதுசுக்கு எதுக்கும்மா வைத்தியம்? ஓடுற வரைக்கும் ஓடட்டும்.”

ஓடியது, ஒரு வருடம். அதற்குள் ஏழாம் எண்ணின் ரப்பர் தகடு காய்ந்து விறைத்து, ஓரத்தில் மயிரிழைக் கீறல் விட்டது. அவள் மூன்று கடிதம் எழுதினாள். மூன்றும் அவர் மேசையில் தேநீர்க் குவளைக்கு அடியில் கிடந்தன. ஏழாம் எண்ணின் சோதனை அட்டையில் ‘சோதிக்கப்பட்டது’ என்று அவர் எழுதச் சொன்னபோது மாட்டேன் என்றாள். அவரே எழுதிக்கொண்டார். அடுத்த வாரம், கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பிகளைப் பதினான்கு மீட்டர் ஆழத்தில் சுரண்டிக்கொண்டிருந்த அவளுடைய கொழுந்தனுக்கு, ஏழாம் எண் காற்றோடு கடலையும் சேர்த்து ஊட்டியது. உயிர் தப்பி மேலே வந்தான். இடது காது போயிற்று.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். பத்து நிமிடம் விசாரித்து, முக்குளித்தவரின் பதற்றமே காரணம் என்று எழுதினார்கள். பதினெட்டு வருடம் தண்ணீருக்கடியில் வேலை செய்தவனுக்குப் பதற்றமாம்! சாட்சிக்கென்று ஏழாம் எண்ணையும் சிலிண்டரையும் சுமந்துகொண்டு வாசலில் நின்ற ஸ்பேனர் அக்காவுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. கொழுந்தன் தன் நல்ல காதை அறைப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். உள்ளே மேலாளர் அந்த அறிக்கையின் கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடினார். அப்போதுதான் மணி பதினொன்றே கால்.

அவர் முகம் நீலமானது. ஜன்னல்களைத் திறந்தார்கள், விசிறினார்கள், முதலுதவிப் பெட்டியிலிருந்த ஆக்சிஜனைப் பிடித்தார்கள். ஒன்றும் இறங்கவில்லை. ஓடிப்போய் எடுத்துவந்த மூன்றாம் எண்ணையும் அவர் நெஞ்சு ஏற்கவில்லை. கடைசியில் அவரே கையை நீட்டி அவள் கையிலிருந்த ஏழாம் எண்ணைச் சுட்டினார். வாயில் கொடுத்ததும் காற்று உள்ளே போயிற்று. கூடவே உப்புத் தண்ணீரும் போயிற்று, அந்தக் காய்ந்த அறையில் எங்கிருந்து வந்ததோ. பாதி இழுப்பதும் பாதி துப்புவதுமாக அவர் தரையில் கிடந்தார்.

அவள் அசையவில்லை. குடிக்கட்டும், எங்கள் வீட்டுப் பிள்ளை குடித்த தண்ணீர்தானே என்று நின்றாள்.

விசாரணைக்காரர்களில் மூத்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல, சாருக்குக் கொஞ்சம் பதற்றம்” என்றார்.

மேலாளர் அதைக் கேட்டார். கண் பிதுங்க, தரையில் விழுந்திருந்த அறிக்கையை இழுத்து, ‘பதற்றம்’ என்ற சொல்லைக் காகிதம் கிழிய அடித்தார். பக்கத்தில் எழுதினார்: ‘தண்ணி வருது.’ பிறகு இன்னும் கீழே: ‘நான் சோதிக்கல.’

“அண்ணி, சரி பண்ணிக் குடுங்க” என்றான் கொழுந்தன்.

“நீ சொல்றியேன்னு பண்றேன். அவரு முகத்துக்காக இல்ல” என்றாள். கிடைக்காத ரப்பருக்கு எங்கே போவது? இருந்த நீலத்திலேயே சேதமில்லாத ஒன்பதாம் எண்ணைப் பிரித்துத் தகட்டை எடுத்தாள். மேலாளரை ஆழமாக ஒரு மூச்சு இழுக்கச் சொல்லி, ஏழாம் எண்ணைப் பிடுங்கி, எண்பது விநாடியில் மூடி கழற்றி, மாற்றி, பூட்டி, வாயில் திணித்தாள். தண்ணீர் நின்றது. சாதாரணக் காற்று மட்டும் அவரிடம் திரும்பவேயில்லை.

அறிக்கை மாறியது, அவர் கையெழுத்திலேயே. மீதி நீலங்கள் எல்லாம் அவருடைய உதிரிபாகங்களாயின. முக்குளிப்பவர்களுக்கு ஸ்பேனர் அக்கா தேடிப் பார்த்து வேறு வாங்கினாள்: முதலில் ரப்பர் கிடைக்குமா என்று கேட்டாள், பிறகு இழுத்துப் பார்த்தாள், நிறத்தைக் கடைசியில்தான் பார்த்தாள். கொழுந்தனுக்குக் கரையில் வேலை கிடைத்தது. காது வரவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்றுவரை ஆறவுமில்லை, ஆற வேண்டுமென்று அவள் நினைத்ததுமில்லை. ஆனாலும் வருடம் ஒருமுறை ஏழாம் எண்ணைப் பிரித்துச் சுத்தம் செய்கிறாள். அந்த முக்கால் மணி நேரம் மட்டும், அவள் அறைக் காற்று அவருக்குச் செல்லுபடியாகிறது. ஏன் என்று யாரும் ஆராயவில்லை. அவர் முக்காலியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு, அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மற்ற நாட்களில் முதுகில் சிலிண்டரோடு அலுவலகம் போய் வருகிறார். இரண்டு மூச்சுக்கு நடுவே சாப்பிடப் பழகிக்கொண்டார். பேருந்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூட்ட நேரத்தில் நடத்துனர் மட்டும், “சார், சிலிண்டரோட கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க, ஆளு ஏறணும்” என்பார். அவரும் தள்ளி நிற்பார்.