எல்லைச் சிலுவை படுத்திருந்த நாள்

ஷானன் ஆற்றங்கரையில் எங்கள் மடத்தின் எல்லைச் சிலுவையை அன்று காலையில்தான் குழியிலிருந்து எடுத்துப் புல்லில் கிடத்தியிருந்தேன். உறைபனி அதன் அடிக்கல்லைப் பிளந்திருந்தது. மாலைக்குள் நட்டுவிடலாம் என்ற மெத்தனம் எனக்கு. அந்தச் சிலுவையைத் தாண்டி உள்ளே வந்தவனை எந்த எதிரியும் தொடக்கூடாது என்பது எங்கள் சட்டம்.

கெட்ட நேரம் சொல்லிக்கொண்டா வரும்? மேட்டிலிருந்து ஒருவன் நொண்டியபடி ஓடிவந்து, குழியைத் தாண்டி விழுந்தான். கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. பின்னாலேயே கோடாலியோடு மூன்று பேர். முன்னால் வந்தவன் பக்கத்து ஊர் கெல்லக்.

"சிலுவையே படுத்துக் கெடக்கு, அப்புறம் ஏதுடா எல்லை? தள்ளு கல்தச்சா!" என்றான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் வேலையைச் சாக்காக வைத்து ஒருவனை வெட்டுவதா? குழிக்குள் குதித்தேன். துறவிகள் ஜெபத்தில் நிற்பதுபோல இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினேன்.

"இப்ப நிக்குதுல்ல சிலுவை? தாண்டு பாப்போம்!"

மூவரும் தயங்கினார்கள். அப்படி நிற்பவனைத் தள்ளத் துணிகிறவன் எங்கள் நாட்டில் கிடையாது.

"எவ்வளவு நேரம் நிப்பே? கை எறங்கட்டும்," என்று கெல்லக் புல்லில் உட்கார்ந்தான். எனக்குத் தோள் எரிய ஆரம்பித்தது. அவன் சிரித்தான். "யாருக்காகடா இப்படி நிக்கிறே? காலையில சந்தையில இவன் யாரைக் குத்திக் கொன்னான் தெரியுமா? ஃபேலானை. உன் ஃபேலானை."

எங்கள் நாட்டில் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே வேறு வீட்டில் வளர்க்கக் கொடுப்பது வழக்கம். ஃபேலானும் நானும் அப்படி ஒரே வளர்ப்பு வீட்டில், ஒரே கிண்ணத்தில் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள். பெற்ற வீட்டிலும் எனக்குத் தம்பிகள் உண்டு. ஆனால் தம்பி என்றால் ஃபேலான்தான்.

"பொய் சொல்லாத."

"அவனையே கேளேன்."

திரும்பாமலே கேட்டேன். "அடேய், நெசமா?"

பின்னாலிருந்து பதில் வந்தது. "ஆமாண்ணே."

என் கைகள் ஒரு சாண் இறங்கிவிட்டன. கெல்லக் எழுந்தான். நான் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை, இறக்கினால் போதும். வலி தாங்கவில்லை என்று சொன்னால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உயர்த்தினேன்.

"தவழ்ந்தாவது கோயிலுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கடா. கை எறங்குச்சுன்னா இவங்களுக்கு முன்னாடி நானே உன்னைக் கொன்னுடுவேன்."

அவன் முழங்கால்கள் புல்லில் உரசும் சத்தம் மெல்ல மெல்ல விலகியது. கெல்லக் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. அதைத் துடைக்காமல், கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்து நின்றேன்.