வெண்கலத்தில் ஏறிய சண்டை

ஹோல்டர்பாக் ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்கு ரோஸ்வீத்தா கீஸ்லர் தலைவியானதற்குக் காரணம், வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்கார ஒப்புக்கொள்ளாததுதான். பிழைப்புக்கு அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தினாள். கை நடுங்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய்த் திரும்புகிறவளுக்குச் செத்துப்போன பிரபுக்களை வரிசையில் நிறுத்துவதா பெரிய வேலை என்றுதான் அவளும் நினைத்தாள்.

நகர மன்றம் கேட்டது சின்ன விஷயம். மன்றத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் ஒரு வெண்கலப் பலகை. முன்னொரு காலத்தில் ஊரை ஆண்டவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்க வேண்டும், மேலே பொருத்தமாக ஒரு தலைப்பு வேண்டும். பலகைச் செலவு மன்றத்துடையது, எழுத வேண்டியதைச் சங்கம் தர வேண்டும்.

தலைப்பிலேயே வண்டி நின்றுவிட்டது.

ஹோல்டர்பாக் குடும்பத்தார் ஆரம்பத்தில் குன்றின் மேல் ஒரு கல்வீட்டைக் கட்டிக்கொண்டு, கீழே போகிற வியாபாரிகளை மறித்துப் பிடுங்கித் தின்றவர்கள். அதை நன்றாகவே செய்ததால் பிற்பாடு பிரபுக்கள் ஆனார்கள். கடைசியாக வந்த நாலைந்து பேர் எங்கெங்கோ கெஞ்சிக் கூத்தாடிச் சிற்றரசர் என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து என்ன பெயர் வைப்பது?

சங்கம் கூடுவது கறுப்புக் கரடி விடுதியின் பின்னறையில். அங்கே ஓய்வுபெற்ற நீதிபதி எக்பெர்ட் நூஸ்லைன் எழுந்து நின்று, 'ஹோல்டர்பாக் சிற்றரசர்கள்' என்றே போட வேண்டும், ஊருக்கு அதுதான் கௌரவம் என்றார். நாலைந்து பேர் வாங்கிய பட்டத்தை அவர்களுடைய கொள்ளுத் தாத்தாக்களுக்கும் மாட்டிவிட நமக்கு என்ன அதிகாரம் என்று ரோஸ்வீத்தா கேட்டாள். பொதுவாக 'ஆட்சியாளர்கள்' என்று போடலாமே என்றது ஒரு குரல். மூன்று கிராமத்தையும் ஒரு குளத்தையும் வைத்துக்கொண்டு எதை ஆண்டார்கள் என்றது இன்னொரு குரல். பீர் கொண்டுவந்த விடுதிக்காரர், 'ஹோல்டர்பாக்கில் இருந்தவர்கள்' என்று போட்டால் யாருக்கும் வருத்தமில்லை என்றார். அதற்கு நிறையப் பேர் கை தூக்கியதைப் பார்த்து நீதிபதி கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வரிசைக்கு வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. அந்தக் குடும்பத்தில் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் எபர்வீன் என்றே பெயர். அப்பா எபர்வீன், பிள்ளைகளும் எபர்வீன்கள். போதாததற்கு ஒரு தலைமுறையில் அண்ணன் தம்பி சண்டை வந்து, அண்ணன் மேலூரையும் தம்பி கீழூரையும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரு ஐந்தாம் எபர்வீன், இரண்டு பக்கமும் ஒரு ஆறாம் எபர்வீன். குளத்தைப் பிரிக்க முடியாததால் ஒரு வருஷம் அண்ணன் வீட்டுக்கு மீன், மறு வருஷம் தம்பி வீட்டுக்கு.

மேலூர்க் கிளையை முதலில் எழுத வேண்டும் என்றார் நூஸ்லைன். அவர் வீடு மேலூரில். காலவரிசைப்படி இரண்டையும் கலந்துதான் எழுத வேண்டும் என்றாள் ரோஸ்வீத்தா. அவள் வீடு கீழூரில். இரண்டு பத்திகளாகப் பக்கத்தில் பக்கத்தில் போடலாம் என்று சமாதானத்துக்கு வந்தவர்கள், இடது பக்கம் யாருக்கு என்ற கேள்வியில் மறுபடியும் முட்டிக்கொண்டார்கள். வாக்கெடுப்பில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் இடது பக்கம் மேலூருக்கு என்று நூஸ்லைன் ஜெயித்தார். அந்த ஓட்டு ரோஸ்வீத்தாவின் கணவன் வோல்க்மாருடையது.

அன்றைக்கு வீட்டில் உருளைக்கிழங்கு உருண்டைகளை அவன் தட்டில் வைத்தாள், குழம்பை ஊற்றவில்லை.

"குழம்பு?" என்றான் வோல்க்மார்.

"அது இடது பக்கத்துக்காரங்களுக்கு. இது வலது பக்கத்து வீடு."

"நான் மேலூர்ல பொறந்தவன்மா. எங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"உங்கம்மா மூஞ்சிலயே போய் முழி. குழம்பும் அங்கயே ஊத்துவாங்க."

கூட்டங்கள் வசந்தம் முழுக்க நடந்தன. யார் என்ன சொன்னாலும் ரோஸ்வீத்தா தன் கணினியில் பட்டியலுக்குள்ளேயே, அந்தந்தப் பெயருக்குப் பக்கத்தில் தட்டிவிடுவாள். மற்றவர்கள் சொன்னதற்கு முடிவில் பெயர் போடுவாள். தான் சொன்னதற்குப் போட மாட்டாள். தன் கணினியில் தானே எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? இப்படியே பட்டியல் பெருத்துக்கொண்டு போனது. கடைசியில் எல்லோரும் களைத்துப்போய், 'ஹோல்டர்பாக்கின் பிரபுக்களும் சிற்றரசர்களும்' என்ற தலைப்புக்கும் இரண்டு பத்திகளுக்கும் ஒப்புக்கொண்டார்கள். ரோஸ்வீத்தா வாக்குவாதங்களை எல்லாம் நீக்கிவிட்டுச் சுத்தமான பிரதி ஒன்று எடுத்தாள். அதற்கு 'கடைசி' என்று பெயர் வைத்தாள். ஏற்கெனவே அந்தக் கணினியில் 'கடைசிப் பட்டியல்', 'கடைசியோ கடைசி', 'இதுதான் கடைசி' என்று மூன்று இருந்தன. அனுப்பும்போது கை 'இதுதான் கடைசி'யைத் தொட்டது.

பலகையைச் செய்கிறவர் தீலோ வாக்கர். ஐம்பது வயது மனிதர், மெதுவான பேச்சு, வேகமான கால். கண்மண் தெரியாமல் ஓட்டி உரிமம் பறிபோய், அந்த வருஷம் ரோஸ்வீத்தாவிடம் மறுபடியும் முதலிலிருந்து கற்றுக்கொண்டிருந்தார். சொன்னதைச் செய்யுங்கள், உங்கள் மூளையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று அவள் ஒவ்வொரு பாடத்திலும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

பட்டியல் கிடைத்ததும் தீலோ போன் செய்தார். ரோஸ்வீத்தா அப்போது லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு மாணவியின் பக்கத்தில் இருந்தாள்.

"மேடம், இதுல நெறைய எழுதியிருக்கே. அப்படியேவா?"

நூஸ்லைன் அதற்கு முந்தைய நாள்தான் தீலோவின் பட்டறைப் பக்கம் நடமாடியதாக அவளுக்குச் செய்தி வந்திருந்தது. தலைப்பைத் திருத்தச் சொல்லிக் காதைக் கடித்திருப்பார் என்று அவளுக்கு உறுதியாகப் பட்டது.

"அப்படியேதான். ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. யார் வந்து என்ன சொன்னாலும் சரி."

"பலகை பத்தாது மேடம்."

"பெருசாப் போடுங்க தீலோ. பிரேக், பிரேக். உங்கள இல்ல."

தீலோ பெரிதாகவே போட்டார்.

திறப்புவிழா கோடையில், நல்ல வெயிலில் நடந்தது. சதுக்கத்தில் தீயணைப்புப் படையின் வாத்தியக் குழு ஒரு பக்கம், சுட்ட சாசேஜ்களின் புகை ஒரு பக்கம். ஹோல்டர்பாக் குடும்பத்தின் வாரிசையும் அழைத்திருந்தார்கள். பக்கத்து நகரத்தில் வீடுகளுக்கு வெந்நீர்க் கருவி விற்கிற, தாட்டியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். அவர் பெயரும் எபர்வீன். துணி மூடிய பலகை ஒரு கதவு அளவுக்கு நிற்பதைப் பார்த்து ரோஸ்வீத்தா ஒரு அடி முன்னால் வந்தாள். ஆனால் மேயர் பேசி முடித்துவிட்டார். துணியும் விழுந்துவிட்டது.

வாத்தியக் குழு உற்சாகமாகத்தான் ஆரம்பித்தது. பிறகு முன்வரிசையில் குழல் ஊதுகிறவர் பலகையைப் படிக்கத் தொடங்கி ஊதுவதை விட்டார். அடுத்தவர் விட்டார். கடைசியில் முரசு மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் அடித்து நின்றது.

தலைப்பு அழகான எழுத்துகளில் இருந்தது. ஹோல்டர்பாக்கின் பிரபுக்களும் சிற்றரசர்களும். அதற்குக் கீழே, அதே அழகோடு: 'சிற்றரசர்களை முன்னால் போட வேண்டும் — நூஸ்லைன். பின்னால் வந்தவர்களைப் பின்னால்தான் போட முடியும்.'

முதல் எபர்வீனின் பெயருக்குப் பக்கத்தில்: 'திருடன் என்று போடலாமா? ஆதாரம் உண்டா? — நூஸ்லைன். ஆதாரத்தையும் அவரே திருடியிருப்பார்.'

மூன்றாம் எபர்வீன் போருக்குப் போய்ச் செத்துவிட்டதாக நினைத்துத் தம்பி பட்டத்துக்கு வந்தார், பிறகு அண்ணன் முழுசாகத் திரும்பி வந்தார். அங்கே: 'செத்திருந்த காலத்தைக் கழிக்க வேண்டும் — நூஸ்லைன். அவர் சாகவே இல்லையே. ஊர் சொன்னதே, அது போதும் — நூஸ்லைன்.'

மகனுக்கு வயது வராததால் வெகுகாலம் ஊரை நிர்வகித்த மார்கரேத்தா அம்மையாரின் பெயருக்கு எதிரே: 'இவர் பட்டியலில் வர முடியாது — நூஸ்லைன். அப்படியானால் நானும் கூட்டத்துக்கு வர முடியாது. சரி, வரட்டும் — நூஸ்லைன்.'

குளத்துக்குத் தனிப் பட்டியல் வேண்டும் என்று ஒரு நூஸ்லைன். இடது பக்கம் என்றால் யாருக்கு இடது என்று ஒரு நூஸ்லைன். நடுவில் ஓரிடத்தில், வெண்கலத்தில், காலாகாலத்துக்கும்: 'பீர் வந்துவிட்டது, மீதி அடுத்த வாரம்.'

கடைசிச் சிற்றரசரின் பெயர் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருந்தது. பக்கத்தில் காரணமும் இருந்தது. 'இந்தச் சூதாடியை விட்டுவிட முடியாதா? — நூஸ்லைன். முடியாது, வேண்டுமானால் பெயரைச் சின்னதாகப் போடலாம்.' தீலோ சொன்னதைச் செய்திருந்தார்.

ரோஸ்வீத்தாவுக்குக் காது இரண்டும் சுட்டன. கூட்டத்தில் தீலோவைத் தேடினாள். அவர் பெருமை பொங்க நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு எழுத்துகூட மாத்தல மேடம். மூளைய வீட்லயே வெச்சுட்டுத்தான் செஞ்சேன்" என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எல்லோரும் வெந்நீர்க் கருவிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பலகைக்குக் கிட்டே போய், குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தன் முன்னோரான அந்தச் சூதாடியின் பெயரை நிதானமாகப் படித்தார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர் முட்டியிருந்தது, சிரிப்பில்தான்.

"எங்க வீட்லயும் அவரப் பத்தி இப்படித்தான் பேசிக்குவாங்க. பேரு இன்னும் கொஞ்சம் பெருசாவே இருக்குன்னு எங்கப்பா சொல்லியிருப்பாரு" என்றார்.

அதன் பிறகு ஊரே சிரித்தது. ரோஸ்வீத்தா மட்டும் சிரிக்கவில்லை. பலகையை அன்றைக்கே கழற்றி உருக்கிவிட வேண்டும், சங்கத்தின் மானம் போகிறது என்று மேயரிடம் சொன்னாள். அப்போதுதான் நூஸ்லைன் குறுக்கே வந்து, பலகைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இதுல யாரும் கை வைக்கக் கூடாது. இது வரலாற்று ஆவணம்."

"சார், இதுல நீங்க திட்டினது எல்லாம் இருக்கு" என்றாள் ரோஸ்வீத்தா.

"தெரியும். ஒவ்வொண்ணும் நியாயமான கருத்து" என்றார் நீதிபதி. அவர் பலகையை இரண்டு தடவை படித்துவிட்டார். எந்த எபர்வீனுடைய பெயரை விடவும் தன் பெயர் அதில் அதிகம் என்பதை எண்ணியும் பார்த்துவிட்டார். ரோஸ்வீத்தாவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை என்பதையும் பரிவோடு சுட்டிக்காட்டினார்.

அவளை உண்மையில் குத்தியது அதுதான். வசந்தம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்தியவள் அவள். அவளுடைய நல்ல பதில்கள் எல்லாம் யாரோ சொன்னவை போல அநாதையாகக் கிடந்தன. வோல்க்மார் அவளுக்கு ஒரு சாசேஜ் வாங்கி வந்து, கடுகுச் சாந்தைத் தாராளமாக வைத்துக் கொடுத்தான். பதில்கள் எல்லாம் உன்னுடையவை என்று ஊருக்கே தெரியும், இவ்வளவு வாய் வேறு யாருக்கு இருக்கிறது என்று ஆறுதல் சொன்னான்.

சங்கம் கூடி வாக்கெடுத்தது. பலகை இருக்கட்டும் என்று முடிவானது. ஆளில்லாமல் கிடந்த கோட்டை அருங்காட்சியகத்துக்கு வராத வெளியூர்க்காரர்கள் பலகையைப் படிக்கப் பேருந்தில் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில், குளத்தை யார் யார் ஆண்டார்கள் என்ற கேள்விக்குப் பாதி வகுப்பு நூஸ்லைன் என்று எழுதியது. ஆசிரியர் அதற்கு மதிப்பெண் போடவில்லை என்று கேள்விப்பட்டு நீதிபதி பள்ளிக்கே போய் விசாரித்துவிட்டு வந்தார்.

இலையுதிர்காலத்தில் பள்ளத்தாக்குக்கு அப்பால் இருக்கிற விட்டன்ராய்ட் ஊரிலிருந்து மேயரம்மா வந்தார். அவர்கள் ஊரை ஆண்டவர்களுக்கும் ஒரு பலகை வேண்டுமாம். வெறும் பட்டியல் வேண்டாம், ஹோல்டர்பாக் பலகை மாதிரியே சண்டையோடு வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

ரோஸ்வீத்தாவும் நூஸ்லைனும் பின்னறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை தன் பேச்சுக்கும் பெயர் போடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டாள். விட்டன்ராய்ட் ஆட்கள் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பிரபுக்கள்தான். பாகப்பிரிவினை இல்லை. செத்துத் திரும்பியவர் இல்லை. தலைப்பு 'விட்டன்ராய்ட் பிரபுக்கள்' என்றார் நூஸ்லைன். அவளும் அதையே நினைத்திருந்தாள். காலவரிசை என்றாள் அவள். வேறென்ன என்றார் அவர். பிளம் பழக் கேக் வந்தது. அதைத் தின்று முடிப்பதற்குள் வேலையும் முடிந்துவிட்டது.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். சுத்தமான, ஒழுங்கான, பரிதாபமான பட்டியல். நூஸ்லைன் தொண்டையைக் கனைத்தார். தனக்கு இப்போதெல்லாம் வயதாகிவிட்டது, கோபமே வரமாட்டேன் என்கிறது என்று மெல்லச் சொன்னார். அந்த முகத்தை அப்படிப் பார்க்க ரோஸ்வீத்தாவுக்கு என்னவோ போல இருந்தது. காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"ஏன் சார், காலவரிசைய விட்டுட்டு, எல்லாரையும் அகர வரிசையில போட்டுட்டா என்ன?"

நீதிபதியின் புருவம் இரண்டும் மேலே ஏறின. நாற்காலியை இழுத்து மேஜைக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டார்.

"முட்டாள்தனம். எழுதுங்க அத. பக்கத்துல என் பேரையும் போடுங்க" என்றார்.