மகளுக்குச் செய்த ஓட்ஸ்

பேருந்து ஓட்டுநர் அன்று வேலைக்குப் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து மூன்றாம் தடவையாகத் திரும்பி வந்த மகள், வந்ததும் மறுபடி பட்டினி கிடக்க ஆரம்பித்துவிட்டாள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் கண்ணாடியில் பார்த்தால் தான் குண்டாக இருப்பதாகவே அவளுக்குத் தெரிந்தது.

சின்ன வயதில் இதென்றால் தட்டை வழித்துத் தின்பாளே என்று அவர் ஓட்ஸில் பாலும் மசித்த வாழைப்பழமும் கலந்து, மேலே ஆப்பிள் துண்டுகளைப் பரப்பி ஓவனில் வைத்தார்.

"ஸ்டியரிங் பிடிச்ச கைக்குக் கரண்டியும் வருதே!" என்று மனைவி சிரித்துவிட்டு, துணி உலர்த்தப் போனாள்.

வாசனைக்கு மகளே வந்து உட்கார்ந்தாள்.

"சர்க்கரை போட்டீங்களாப்பா?"

"இல்லடா கண்ணு, பழத்தோட இனிப்புதான்."

அவள் ஒரு வாய் எடுத்து வைத்ததும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தண்ணீர் எடுத்து வருவதற்குள் எழுந்துவிட்டாள்.

"நல்லாருக்குப்பா. மீதிய அப்புறம் சாப்பிடுறேன்."

தட்டை எடுத்தார். அடியில் கசங்கிய டிஷ்யூ ஒன்று கிடந்தது. பிரித்தால், மென்ற ஓட்ஸ் அப்படியே இருந்தது.

"சாப்பிட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே மனைவி வந்தாள்.

"கொஞ்சம் சாப்பிட்டா" என்றார், டிஷ்யூவைச் சட்டைப்பையில் திணித்தபடி.

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.