தாக்கரின் இடது காது

1.

ஒரு காதுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. ஆனால் காதில் தொடங்கினால் இந்த மலைக்குடிகளின் நியோகும் விழா பின்னால் போய்விடுகிறது. விழாவில் தொடங்கினாலோ, "பலி மேடையின் மூங்கில்களில் சீவிவிட்ட நார்கள் காற்றில் —" என்று காலண்டர் படம் போலாகிவிடுகிறது. (அந்த வாக்கியத்தை அடிக்கவில்லை. விட்டதை விட்ட இடத்திலேயே வைப்பது என் வழக்கம்.)

ஆகவே, யாலம் என்பவளிடமிருந்து.

2.

யாலம் கிண்ணத்தில் அரிசிமாவைக் கள் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்துக்கு முன்பு கணவன் வீட்டை விட்டு வந்தவள். அவளுக்குப் பரிசமாக அந்த வீட்டார் கொடுத்திருந்த மிதுன் மாடுகளை அண்ணன் தாக்கர்தான் மூன்று நாள் காட்டுவழியே ஓட்டிப்போய்த் திருப்பி விட்டான். ஏன் வந்தாய் என்று ஒரு சொல் கேட்கவில்லை. அதன் பிறகு எந்தச் சொல்லும் பேசவில்லை. அவளோடு மட்டுமல்ல, மெல்ல மெல்ல ஊரோடும் பேச்சு குறைந்துவிட்டது.

நியோகும் அன்று யார் முகத்திலும் யாரும் மாவு பூசலாம். பூசியதைப் பொழுது சாயும்வரை துடைக்கக் கூடாது. இந்த வருடம் அண்ணனுக்குப் பூசிவிடுவதென்று யாலம் முடிவு செய்திருந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது ஊர் முன்னால் திருப்பியதாகிவிடும். பிறகு கால்நட்டு உயர்த்திய அண்ணன் வீட்டின் ஏணியில் அவள் கால் வைக்க வழியில்லை.

"ரொம்பத் தண்ணியா கரைக்காதடி," என்றாள் யாபி. நடன வரிசையில் எப்போதும் யாலத்தின் கையைப் பிடிப்பவள். "உங்கண்ணன் மூஞ்சி பாறை. வழுக்கிடும்."

"வாய மூடிட்டு இன்னொரு பிடி மாவு போடு."

3.

முதலில் எழுதியது: "தாக்கர் கண் கலங்க முன்னால் வந்து —" இல்லை. வரமாட்டான். காலில் அட்டை ஏறினாலும் ஊர் பார்க்கக் குனியாதவன்.

அடுத்ததாக அவனைக் காய்ச்சலில் படுக்க வைத்தேன். அது எனக்குச் சௌகரியம், யாலத்துக்கு அல்ல. விழாவில் நானும் ஒரு ஓரமாக நின்றிருந்தேன்; நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

4.

பூசாரியான நியிபு மந்திரம் சொல்லி முடித்தார். கோழி ஈரலில் நல்ல குறி கண்டதாகச் செய்தி பரவியது. பெண்கள் கைகோத்து நின்றபோது, பிரம்புத் தொப்பியைக் காதுவரை இறக்கிக்கொண்டு தாக்கர் வந்தான். நெற்றி முதல் தாடைவரை முகம் முழுக்க வெள்ளை.

யாபி சிரித்துவிட்டாள். "பாத்தியா, உனக்கு இடமே வைக்காம வந்திருக்காரு! வர்ற வழியில யாருடி பூசினது?"

யாலம் சிரிக்கவில்லை. எதிரே நிற்பவர் பூசினால் விரல்தடம் மேலிருந்து கீழே இறங்கும். தாக்கரின் கன்னத்தில் தடங்கள் தாடையிலிருந்து மேலே ஏறியிருந்தன. ஆற்றில் முகம் கழுவும்போது அவன் அப்படித்தான் தேய்ப்பான். வழியில் யாருமே பூசவில்லை.

(இங்கே எனக்கு மூன்று நாள் பேனா ஓடவில்லை. தங்கையைத் தடுக்கவா பூசிக்கொண்டான்? தனக்குப் பூச ஆளில்லை என்பதை ஊர் பார்த்துவிடாமலிருக்கவா? தாக்கருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.)

யாலம் யாபியின் கையை விட்டாள். கிண்ணத்தோடு நேரே நடந்தாள்.

"அண்ணே."

தாக்கர் கிண்ணத்தைப் பார்த்தான். ஐந்து வருடத்தில் முதல் சொல்.

"இடமில்ல."

"காது இருக்கே."

"எந்தக் காது?"

அதட்டலா, கேள்வியா? நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கும் அவன் குரல்தான்.

"இடது காது. தொப்பிக்குக் கீழ கொஞ்சம் தெரியுது. அத நீ மறந்துட்டே."

அவள் கை உயர்ந்தது.

5.

"அட, சாருக்கு இன்னும் பூசலையே!" என்று யாரோ என் மூக்குக் கண்ணாடியிலேயே இரண்டு கையாலும் அப்பினார்கள்.

துடைக்கக் கூடாது. நானும் துடைக்கவில்லை. வெள்ளைக்குள் நின்றபடி, "அடியே!" என்று யாபி கத்தியதை மட்டும் கேட்டேன். சந்தோஷத்துக்கும் சண்டைக்கும் அவளுக்கு அந்த ஒரே கத்தல்தான்.

பொழுது சாய்ந்து நான் துடைத்தபோது ஊரில் வெளுக்காத காதே இல்லை. எது யார் பூசியது என்று எப்படிச் சொல்ல?

தொப்பியைக் கழற்றிக் குனிந்தான் என்று முடிக்க ஆசை. ஆனால் அது என் ஆசை. நான் பார்த்தவரையில் அவள் கை இன்னும் உயர்ந்தபடியேதான் இருக்கிறது, மாவு முழங்கைக்கு வழிகிறது.

உங்கள் கண்ணில் மாவில்லை. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.