அண்ணன் வாய் திறக்காத கல்யாணம்

வெலோன்ஸாராவின் மகள் சோவாவுக்குக் கல்யாணப் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம், பெண்வீட்டுப் பெரியவர் வாயைத் திறக்காததுதான். பெரியவர் ஒரு பாபகோட்டோ. கறுப்பும் வெள்ளையுமான மயிர், வட்டக் காது, வால் என்று பேருக்கு ஒரு மொட்டை முனை. மடகாஸ்கரின் கிழக்கு மலைக்காட்டை ஒட்டிய அம்போதிமங்காவில் இந்த இனத்தை யாரும் குரங்கு என்பதில்லை. ஆதியில் காட்டில் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள், தம்பி இறங்கிவந்து நெல் விதைத்தான், அண்ணன் மரத்திலேயே தங்கிவிட்டான், தம்பி வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது ஊரார் வைத்திருக்கும் வம்சாவளி. அதனால் அண்ணனைக் கொல்வதில்லை, விரல் நீட்டிச் சுட்டுவதும் இல்லை.

அவர் வந்தது வெலோன்ஸாராவின் வாயால். கல்யாணப் பேச்சுக்கு முன்பு பெண்ணைப் பெற்றவன் காட்டோரம் போய், ஒரு மடக்குச் சாராயத்தை மண்ணில் ஊற்றி, செத்த சொந்தத்தையும் இருக்கிற சொந்தத்தையும் பொதுவாக அழைத்துவிட்டு வருவது வழக்கம். வெலோன்ஸாரா அதோடு விடுகிறவர் அல்ல. சபைப்பேச்சில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை அவரிடம் மாடு விற்க வந்தவன், அவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அதை வேறொருவனுக்கு விற்றுவிட்டுப் போயிருக்கிறான். மகள் கல்யாணத்துக்கென்றே அவர் அறுவடை முடிந்ததிலிருந்து ஒரு பேச்சைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அந்த வேகத்தில் காட்டைப் பார்த்து, ‘மரத்தில் தங்கிவிட்ட அண்ணனே, உன் இடம் காலியாக இருக்கிறது, வந்து உட்கார்’ என்று ஓர் அலங்காரத்துக்காகச் சேர்த்துவிட்டார். கேட்டவர் அதை அலங்காரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை தொம்போவின் வீட்டார் கீழ்க்கரையிலிருந்து காளையோடு வந்து பாயில் உட்கார்ந்த காலையில் பாபகோட்டோ வாசலில் வந்து நின்றார். இரண்டு காலில் பக்கவாட்டாகத் துள்ளித் துள்ளி உள்ளே வந்து, குடும்பத்தில் மூத்தவருக்கு மட்டுமே உரிய வடகிழக்கு மூலையைப் பார்த்தார். அங்கே வெலோன்ஸாரா உட்கார்ந்திருந்தார். வெலோன்ஸாரா நகர்ந்துகொண்டார்.

மூத்தவர் பேசாமல் சபையில் யாரும் பேசக் கூடாது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பெஸாராதான் அவர்கள் தரப்புப் பேச்சாளர். அவர் பொறுமை இழந்து வாயைத் திறந்தார். குரல் அவரிடமிருந்து கழன்று போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அது ஆற்றுக்கு அக்கரை மூங்கில் புதரில் வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. மறுநாள் பெஸாரா போய் அதை எடுத்துக்கொண்டு வந்தார். பனியில் கிடந்ததால் கொஞ்சம் கரகரப்பு ஏறியிருந்தது, மற்றபடி பழுதில்லை. அதற்குப் பிறகு யாரும் முந்தவில்லை.

விருந்தாளிகள் சோற்றையும் கோழியையும் தின்றபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் பெண்வீடு ‘சரி’ என்று சொல்லாவிட்டால் மறுத்ததாக அர்த்தம். காளை திரும்பிப் போய்விடும், அந்தப் பெண்ணை அந்த வீடு மறுபடி கேட்காது. தொம்போவைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருந்த சோவா முற்றத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். உலக்கை விழுந்த வேகத்தில் அரிசி நொய்யாகிக்கொண்டிருந்தது.

சபையில்தான் பேசக் கூடாது, முற்றத்தில் பேசலாம். மூன்றாம் நாள் காலை வெலோன்ஸாரா பள்ளிக்கூட வாத்தியார் அந்திரிமாஸியை முற்றத்துக்கு வரவழைத்தார். தலைநகரில் படித்தவர், கண்ணாடி போட்டவர்.

“அண்ணன் தம்பி எல்லாம் இல்லைங்க,” என்றார் வாத்தியார். “நமக்கும் அதுக்கும் ஒரே மூதாதை, அவ்வளவுதான். பிரிஞ்சு ஆறு கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. ரொம்ப ரொம்பத் தூரத்துச் சொந்தம்.”

“தூரத்துச் சொந்தமா?” வெலோன்ஸாராவின் முகம் வெளுத்தது. “போச்சு வாத்தியாரே. கல்யாண வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறதே தூரத்துச் சொந்தம்தானே! அண்ணன்னா கையக் கால புடிச்சாவது சமாளிச்சிருப்பேன்.”

“கோவமெல்லாம் இருக்காதுங்க...”

“ஆறு கோடி வருஷமா ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்பிடல. உங்களுக்குக் கோவம் வராதா?”

வாத்தியார் யோசித்துப் பார்த்து, தனக்கும் வரும் என்று ஒப்புக்கொண்டார்.

இதையெல்லாம் அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வெலோன்ஸாராவின் மனைவி காலோ, குடிப்பதற்காகத் தீய்ந்த சோற்றில் வெந்நீர் ஊற்றிய பாத்திரத்தோடு வெளியே வந்தாள்.

“கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு பொண்டாட்டிக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு.”

“என்ன உளர்றே?”

“வெறகுக்குப் போறவங்க யாரையாவது கேளுங்க. மரத்துல முதல் கொழுந்து அவளுக்குத்தான். இவரு கை நீட்டினா அறை விழும். அவ தின்னு முடிச்சு நகர்ற வரைக்கும் கீழ்க்கிளையில குந்திக்கிட்டு இருப்பாரு. மூணு நாளா கொழுந்தெலை வச்சேன், தொட்டாரா? வாசலையே பாத்துக்கிட்டு இருக்காரு பாவம்.”

ஊரில் எல்லோருமே பார்த்த காட்சிதான். ஆண்கள் அதைக் கண்ணால் பார்த்ததோடு சரி, கணக்கில் சேர்த்ததில்லை.

“இத மொத நாளே சொல்றதுக்கு என்னடி?”

“எப்படிச் சொல்றது? அவ பேசாம அவரு பேச மாட்டாரு, அவரு பேசாம நீங்க பேச மாட்டீங்க, நீங்க பேசாம நான் பேசக் கூடாது. நாம நாலு பேரும் இப்படியே உக்காந்திருந்தா எம் பொண்ணு கெழவியாகிடுவா.” பாத்திரத்தைக் கணவன் கையில் கொடுத்தாள். “அதுவும் போக, அண்ணனைக் கூப்பிட்டீங்களே, அண்ணியக் கூப்பிட்டீங்களா?”

வெலோன்ஸாரா தன் அழைப்பை மனதுக்குள் ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தார். அதில் ஆறு இருந்தது, மலை இருந்தது, மேகமும் விதைநெல்லும் இருந்தன. அண்ணி இல்லை.

காலோ காட்டோரம் போனாள். “அக்கா, எங்க வீட்டு ஆளுக்குப் புத்தி அவ்வளவுதான். மனசுல வச்சுக்காம வந்துடுங்க,” என்று மட்டும் சொன்னாள். வெயில் சாய ஆரம்பித்தபோது கிளைகள் அசைந்தன. மாப்பிள்ளை வீட்டார் காளையின் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணி முற்றத்தைத் தாண்டி உள்ளே போனாள். பாபகோட்டோ மூலையை விட்டு நகர்ந்துகொண்டார். அவள் அங்கே வைத்திருந்த கொழுந்தில் ஒன்றை எடுத்துத் தின்றாள், பிறகு அவர் தின்றார். அவள் கூரையைப் பார்த்து வாயைக் குவித்துப் பாடினாள். அவர் சேர்ந்துகொண்டார். அழுகைக்கும் எக்காளத்துக்கும் நடுவிலான அந்தப் பாட்டில் பாத்திரங்கள் அதிர்ந்தன. காட்டில் இருந்த எல்லாக் குடும்பங்களும் பதில் பாடின.

பாட்டு அடங்கியதும் வெலோன்ஸாரா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு விஷயம் புரிந்தது. வீட்டில் மூத்தவர்கள் எந்த வரிசையில் பேசினார்களோ, இளையவர்களும் அதே வரிசையில்தான் பேச வேண்டும். அவர் உட்கார்ந்துவிட்டார். காலோ எழுந்தாள்.

“பொண்ண எடுத்துக்கோங்க. அடிக்காதீங்க. அறுப்புக்கு அனுப்பி வைங்க,” என்றாள்.

“சரிம்மா,” என்றார் கரகரத்த குரலில் பெஸாரா. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது.

வெலோன்ஸாரா தன் பேச்சைப் பேசவே இல்லை என்று சொல்ல முடியாது. விருந்து முடிந்து, காளைப் பங்கு பிரித்து, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பேசினார். கேட்டவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள்.

அதன் பிறகு அந்தப் பக்கத்தில் கல்யாணப் பேச்சில் முதல் வார்த்தை பெண்ணைப் பெற்றவளுடையது என்றாயிற்று. பேச்சுகள் சுருங்கின, சோறு சூடாகப் பரிமாறப்பட்டது. அண்ணனும் அண்ணியும் எல்லாக் கல்யாணங்களுக்கும் வந்தார்கள். அவர்களைக் குறித்து இருந்த ஒரே புகார், இலைக்கொழுந்து மென்மையாக இல்லாவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள் என்பது.

மறு வருஷம் குளிர் தொடங்கியபோது காட்டில் குழந்தை பிறந்தது. காலோ சொந்தங்களைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். ஆறு மாதம் முழுகாமல் இருந்த சோவாவும் தொம்போவும் வந்தார்கள், வாத்தியாரும் வந்தார். மரத்தடியில் காலோ நலம் விசாரித்தாள். மேலிருந்து அண்ணி பாடினாள், அண்ணன் பாடினார். எல்லோரும் வெலோன்ஸாராவைத் திரும்பிப் பார்த்தார்கள். தாயின் வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த குழந்தையை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மூக்கு நம்ம பக்கத்து மூக்கு,” என்றார்.

வாத்தியார் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அது வெலோன்ஸாரா பக்கத்து மூக்குதான்.