முந்தின ஆள்

இங்கிலாந்தின் டார்ட்மூர் பக்கத்தில் லாடம் கட்டாத மட்டக்குதிரைகளுக்குக் குளம்பு சீவ வருகிறவர்கள், முந்தின ஆளைத் திட்டாமல் அரத்தைக் கையில் எடுக்க மாட்டார்கள். மொர்வென்னாவுக்கு அது பழகிப்போன மந்திரம். க்ளெமோவும் அன்று அவளுடைய குதிரை பில்பெரியின் முன்னங்காலைத் தூக்கித் தொடையிடுக்கில் வைத்ததுமே உச்சுக்கொட்டினார்.

"எந்தக் கசாப்புக்காரன்மா இதைச் சீவினது? குதிகாலை வழிச்சு எடுத்துட்டு, முன்பக்கத்தைக் கப்பல் மாதிரி விட்டு வச்சிருக்கான்."

"நல்லாத்தான் நடந்துச்சு."

"அது குதிரையோட பெரிய மனசு. இவன் கையில வெண்ணெய் தடவுற கத்தியைக்கூடக் குடுக்கக் கூடாது."

போன தடவை பில்பெரி சடைரோமமும் வயிறு வரை சேறுமாக நின்றது. இப்போது கண்காட்சிக்காக ரோமம் கழித்து, குளித்து, மினுமினுக்கிறது. அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்பது மொர்வென்னாவுக்குப் புரிந்தது. ஆனாலும் அவர் திட்டி முடிக்கட்டும் என்று தேநீரை ஆற அமரக் குடித்தாள்.

"போன தடவை சீவினது நீங்கதான், க்ளெமோ."

அரம் நின்றது. அவர் குளம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கும். அதுக்கு முந்தினவன் கெடுத்து வச்சதை நான் ஒருத்தனா எவ்வளவுதான் சரி பண்றது?"

"குட்டியா இருந்ததுலேருந்து இவன் காலைத் தொட்டது நீங்க மட்டும்தான்."

க்ளெமோ காலை மெல்ல இறக்கி வைத்தார். நிமிர்ந்து, பில்பெரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ, இதோட தாய்க்கு எவன்மா சீவினான்?"